திரும்பி வருகிறவனை நம்புவது

நாலு பக்கமும் திறந்த ஒரு சிறு சதுர மேடை. குத்துச்சண்டைக்குப் போடுவது போன்றது, கயிறுகள் மட்டும் இல்லை. கையெட்டும் தூரத்தில் ஜனங்கள் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். மேடைமேல் நாற்காலிகளில் ஐந்தாறு பேர். அவர்களில் ஒருவன் உடம்போடு ஒட்டிய கறுப்புத் தோலாடை அணிந்திருக்கிறான். மடியில் கிதார். அவனுக்கு வயது முப்பத்து மூன்று. ஜனங்களுக்கு எதிரில் கச்சேரி என்று அவன் உட்கார்ந்து ஏழு வருஷங்கள் ஆகின்றன. கடைசியாக 1961 மார்ச்சில் ஹவாயில் பாடியதுதான். டிரம்ஸ் வாசிப்பவரிடம் டிரம்ஸ் இல்லை, கிதார்ப் பெட்டி ஒன்றைக் குச்சிகளால் தட்டிக்கொண்டிருக்கிறார். தோலாடைக்காரன் எதையோ சொல்லிச் சிரிக்கிறான், பாதியில் நிறுத்துகிறான், பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறான், மீண்டும் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. நேர்முகத் தேர்வு அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் அப்படிச் சிரிப்பார்கள்.

1968 ஜூன் 27ஆம் தேதி கலிபோர்னியாவில் பர்பாங்க் என்.பி.சி. ஸ்டூடியோவில் பதிவானது இது. எல்விஸ் ப்ரெஸ்லி அன்று மாலை இப்படி உட்கார்ந்தபடியே இரண்டு கச்சேரிகள் செய்தார். அவற்றிலிருந்து சில துண்டுகளை எடுத்து, நின்று பாடியவை, ஆடியவை, நாடகமாக நடித்தவை இவற்றோடு சேர்த்து, அதே வருஷம் டிசம்பர் 3ஆம் தேதி ஒரு மணி நேர நிகழ்ச்சியாக ஒளிபரப்பினார்கள். முழுக் கச்சேரிகள் வெகுகாலம் கழித்தே வெளிவந்தன. முதல் கச்சேரியை எச்.பி.ஓ. 1985இல் காட்டியது. ஆக, இன்று நாம் பார்த்து வியப்பது 1968இன் ரசிகன் பார்த்ததை அல்ல. அவனுக்குக் கிடைத்தது பத்திரிகையில் வந்த சுருக்கம் என்றால் நமக்குக் கிடைத்திருப்பது கையெழுத்துப் பிரதி, அடித்தல் திருத்தல்களோடு.

ராக் சங்கீதத்தில் நான் பாண்டித்யம் கொண்டாடவில்லை. எனக்கு இந்தப் பதிவு வேறு காரணத்திற்காக முக்கியமாகிவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்த மனிதர் எங்கிருந்து திரும்பி வந்தார் என்று பார்க்க வேண்டும். 1954இல் மெம்ஃபிஸ் நகரில் ஒரு சிறிய ரிகார்டிங் ஸ்டூடியோவில் தொடங்கியவர். 1956-57இல் அமெரிக்காவே அவர் இடுப்பைப் பற்றி விவாதித்தது. 1957 ஜனவரியில் எட் ஸல்லிவன் நிகழ்ச்சியில் அவரை இடுப்புக்கு மேல் மட்டும் காட்டினார்கள். 1958இலிருந்து இரண்டு வருஷம் ராணுவம். அதன் பிறகு ஹாலிவுட். ஏறக்குறைய வருஷத்திற்கு மூன்று படங்கள், ஒவ்வொன்றிலும் கடற்கரை, கார், பெண்கள், இடையிடையே பாட்டு. 1967இல் வந்த 'டபிள் ட்ரபிள்' படத்தில் பண்ணை விலங்குகளைப் பற்றிய குழந்தைப் பாட்டைக்கூடப் பாடவைத்துவிட்டார்கள். அவரும் பாடினார். குரலில் எதிர்ப்பு ஏதும் தெரியவில்லை, குரலே அதிகம் தெரியவில்லை. பீட்டில்ஸும் டிலனும் ஹென்ட்ரிக்ஸும் வந்துவிட்ட பிறகு அவரை யாரும் எதிரியாக நினைக்கவில்லை, மறந்திருந்தார்கள். ஒரு கலைஞனுக்கு நேரக்கூடியவற்றில் இது மோசமானதா, இல்லை ஒருவகையில் விடுதலையா என்பதை அனுபவித்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அவருடைய மானேஜர் டாம் பார்க்கர் தன்னைக் கர்னல் என்று அழைத்துக்கொண்டவர். கௌரவப் பட்டம்தான், எந்தப் படைக்கும் அவர் தலைமை தாங்கியதில்லை. என்.பி.சி.யுடன் அவர் பேசி முடித்திருந்தது ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி: எல்விஸ் வருவார், பண்டிகைப் பாடல்கள் பாடுவார், வாழ்த்துச் சொல்வார், போவார். இயக்குநராக வந்த ஸ்டீவ் பைண்டர் இதற்கு உடன்படவில்லை. அதே வருஷம் ஏப்ரலில் ஒளிபரப்பான பெட்யூலா க்ளார்க் நிகழ்ச்சியையும் இயக்கியவர் அவர்தான். வெள்ளைக்காரியான க்ளார்க் பாடிக்கொண்டே கறுப்பரான ஹாரி பெலஃபாண்டேயின் கையைத் தொட்டுவிட்டார். விளம்பரம் கொடுத்த கார் கம்பெனியின் ஆள் ஆட்சேபித்தார். அந்தக் காட்சியை நீக்காமலே ஒளிபரப்பினார்கள். அதனால் விளம்பரதாரர் என்றால் என்ன என்று பைண்டருக்குத் தெரிந்திருந்தது. பண்டிகைப் பாட்டில் கடைசியில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. அது பார்க்கருக்குக் கொடுத்த காணிக்கை.

இப்போது விஷயத்திற்கு வருகிறேன். அந்த மேடையில் நாம் பார்க்கும் தன்னிச்சையான கூத்து, நண்பர்கள் கூடி வேடிக்கையாக வாசிப்பது, தன்னிச்சையாக நிகழ்ந்ததல்ல. ஒத்திகை முடிந்த இரவுகளில் எல்விஸ் தன் ஆட்களுடன் ஒப்பனை அறையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பழைய பாடல்களைப் பாடிக்கொண்டிருந்தார். பைண்டர் அதைக் கண்டு, காமெராவை அந்த அறைக்குள்ளேயே கொண்டுபோக விரும்பினார். பார்க்கர் மறுத்துவிட்டார். ஆகவே ஒப்பனை அறையை மேடைமேல் 'செய்து' காட்ட முடிவாயிற்று. மெம்ஃபிஸ் காலத்துக் கூட்டாளிகளான ஸ்காட்டி மூரும் டி.ஜே. ஃபான்டனாவும் அழைக்கப்பட்டார்கள். ஆரம்பத்தில் பாஸ் வாசித்த பில் ப்ளாக் 1965இலேயே இறந்துவிட்டிருந்தார். தோலாடையை வடிவமைத்தவர் பில் பெலூ என்ற உடையலங்காரக்காரர். எல்விஸ் தன் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்ட பழைய சட்டை அல்ல அது. மேடையைச் சுற்றி உட்கார்ந்திருந்த கூட்டத்திற்கும் ஒரு கதை உண்டு. நுழைவுச் சீட்டுகள் சரியாக விநியோகமாகாமல் போய், கடைசி நேரத்தில் பக்கத்து ஹோட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களையெல்லாம் அழைத்து வந்தோம் என்று பைண்டர் பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

ஆக, நாம் 'உண்மையான எல்விஸ் திரும்பி வந்தார்' என்று கொண்டாடும் அந்த ஒரு மணி நேரம் ஒரு பிரதி. மூலம் பூட்டிய அறைக்குள் நடந்து காற்றோடு போய்விட்டது.

இது ஏன் என்னைத் தொந்தரவு செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நம் வட்டத்தில் ஒருவர் இருந்தார். நல்ல கவிஞர். பிறகு பத்து வருஷம் வாரப்பத்திரிகைகளிலும் சினிமாவிலும் எழுதினார். அவர் போனதை நாம் துரோகம் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அவருக்கு முக்கியத்துவம் கொடுப்பதாகிவிடும் என்று சும்மா இருந்தோம். சென்ற வருஷக் கடைசியில் அவர் பதினான்கு கவிதைகளை எனக்கு அனுப்பினார். அபிப்பிராயம் கேட்டிருந்தார். நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் இவற்றை என்னால் நம்ப முடியவில்லை என்று எழுதினேன். கவிதையை நம்புவதா, வாசிப்பதா என்று ஒரே வரியில் பதில் வந்தது. கெட்டிக்காரத்தனமான பதில் என்று ஒதுக்கிவிட்டேன். அந்த வாரம்தான் தற்செயலாக இந்தப் பதிவைப் பார்த்தேன். அன்றிலிருந்து அந்த ஒரு வரிக்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

'நம்ப முடியவில்லை' என்று நான் எழுதியதற்குப் பின்னால் ஒரு தர்க்கம் இருந்தது. கலைஞனுக்கு ஓர் உண்மையான சுயம் உண்டு, சந்தையில் அது மூடப்படுகிறது, மூடியவன் தானே திறந்து காட்டும்போது அதுவும் ஒரு வியாபார உத்தியாகத்தான் இருக்கும். ஸார்த்ர் 1943இல் எழுதிய தத்துவ நூலில் ஒரு காபிக்கடைப் பரிசாரகன் வருகிறான். அவன் நடையும் குனிவும் கொஞ்சம் அதிகப்படியாக இருக்கின்றன, ஏனென்றால் அவன் பரிசாரகனாக இருப்பதை நடித்துக்கொண்டிருக்கிறான். கல்லூரியில் இதைப் படித்தபோது எனக்குப் பரிசாரகன்மேல் ஏளனம் இருந்தது. வங்கியில் கவுண்டருக்குப் பின்னால் பதிமூன்று வருஷம் உட்கார்ந்த பிறகு ஏளனம் போய்விட்டது. நானும் தினமும் காலை பத்து மணிக்குக் குமாஸ்தாவை நடிக்கத் தொடங்குகிறேன். அதற்கு அடியில் அசல் ஆள் ஒருவன் தயாராக உட்கார்ந்திருக்கிறான், மாலை ஆறு மணிக்கு அவன் எழுந்து வந்து விமர்சனம் எழுதுகிறான் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. விமர்சகனையும் நடிக்கத்தான் வேண்டியிருக்கிறது, அவனுக்கென்று ஒரு நடையும் குனிவும் உண்டு.

அப்படியானால் எல்லாம் நடிப்பு, ஆகவே எல்லாம் ஒன்று என்று விட்டுவிடலாமா? பதினெட்டாம் நூற்றாண்டில் திதரோ இதைவிடத் தைரியமாகச் சொன்னார்: சிறந்த நடிகன் எதையும் உணர்வதில்லை, அதனால்தான் நம்மை உணரவைக்கிறான். அந்த வாதம் இந்தப் பதிவில் பாதிக்குச் சரியாகப் பொருந்துகிறது. நிகழ்ச்சியின் நடன நாடகப் பகுதியில் எல்விஸ் திறமையாக, கவனமாக, எங்கும் பிசகாமல் இயங்குகிறார், அதில் எனக்கு ஒன்றுமே நேரவில்லை. சதுர மேடைக்கு வந்தால் திதரோ உதவுவதில்லை. அங்கே அவர் உணர்வது கண்கூடாகத் தெரிகிறது. உணர்வது சோகத்தையோ காதலையோ அல்ல, பயத்தை.

முதல் கச்சேரிக்கு முன் எல்விஸ் மேடைக்கு வர மறுத்தார், மனசில் ஒன்றுமே இல்லை என்றார், போய் வணக்கம் சொல்லிவிட்டாவது திரும்பி வாருங்கள் என்று அவரை அனுப்பினேன் என்பது பைண்டர் பலமுறை சொன்ன விஷயம். அவர் சொல்லாவிட்டாலும் படத்திலேயே இருக்கிறது. தன் உதட்டைத் தானே கேலி செய்கிறார். இந்தச் சுழிப்பை வைத்தே இருபத்தொன்பது படம் எடுத்துவிட்டேன் என்கிற மாதிரி. பாட்டு ஒன்றை ஆரம்பித்து விட்டுவிட்டு, ஜிம்மி ரீடின் பழைய ப்ளூஸ் ஒன்றுக்கே திரும்பத் திரும்ப வருகிறார், தெரியாத ஊரில் தெரிந்த ஒரே கடைக்குப் போகிறவனைப் போல. 1956இல் ஃப்ளோரிடாவில் போலீஸார் படம் பிடிக்க, அசையக் கூடாது என்று உத்தரவிருக்க, சுண்டுவிரலை மட்டும் ஆட்டிப் பாடிய கதையைச் சொல்கிறார். சொல்லும்போது விரலை ஆட்டியும் காட்டுகிறார். பிறகு ஸ்காட்டி மூரின் மின் கிதாரை வாங்கி வைத்துக்கொள்கிறார். சூடேறுகிறது. உட்கார்ந்து பாட முடியவில்லை, எழ வேண்டும். எழுந்தால் கிதாருக்குத் தோள்வார் இல்லை. உட்கார்ந்து பாடுவதாகத்தானே ஏற்பாடு, தோள்வாரை யார் நினைத்தார்கள்? அரையும் குறையுமாக எழுந்து, கிதாரை எங்கே தாங்குவது என்று தெரியாமல் சமாளித்துக்கொண்டே அவர் பாடுகிற அந்தச் சில நிமிஷங்களில், அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. கரகரப்பும் கோபமும் சிரிப்பும் கலந்த குரல். 1956இன் குரல் அல்ல. அப்போது இவ்வளவு பாரம் இல்லை அதில்.

ஒப்பனை அறையில் இது நடந்திருக்க முடியாது. அங்கே தோற்பதற்கு ஏதுமில்லை. வார் இல்லையென்றால் சிரித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். மூலத்தைவிடப் பிரதியில் அதிகமாக ஏதோ வந்து சேர்ந்துவிட்டது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். மூலத்தில் அவர் தாமாக இருந்தார், அவ்வளவுதான். பிரதியில், தாமாக இருந்ததைத் திரும்பச் செய்ய முடியுமா என்று எல்லோருக்கும் முன்னால் பரிசோதிக்கப்பட்டார். முடியாமல் போயிருக்கலாம். அந்த 'போயிருக்கலாம்' படம் முழுக்க இருக்கிறது.

இதை நான் சொன்னபோது நம் நண்பர் ஒருவர் சிரித்தார். நீங்கள் சொல்லும் பயத்தையும் சேர்த்துத்தான் அவர்கள் விற்றார்கள் என்றார். சரிதான், விற்றார்கள். அந்த நிகழ்ச்சிக்குப் பணம் போட்டது சிங்கர் கம்பெனி, தையல் மிஷின்காரர்கள். எங்கள் வீட்டில் அம்மாவின் கறுப்பு மிஷின்மேல் பொன்னெழுத்தில் இருந்த அதே பெயர். ஐசக் சிங்கர் என்ற ஸ்தாபகரின் பெயருக்கும் பாடகனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் உள்ள ஒற்றுமையில் விளம்பர இலாகாவில் யாராவது சந்தோஷப்பட்டிருப்பார்கள். விலைமாதர் விடுதியில் நடப்பதாக எடுத்த ஒரு காட்சியை வெட்டிவிட்டுத்தான் டிசம்பரில் ஒளிபரப்பினார்கள். சுண்டுவிரல் கதையைச் சொன்னவனுக்கே கத்தரி விழுந்தது. இதையெல்லாம் மறைத்து அந்த நிகழ்ச்சியைப் புனிதமாக்க நான் முயலவில்லை. ஆனால் விற்கப்பட்டது என்பதாலேயே ஒன்று பொய்யாகிவிடும் என்கிற நம் வட்டத்து நம்பிக்கை, விற்கப்படாதது என்பதாலேயே ஒன்று மெய்யாகிவிடும் என்ற அடுத்த நம்பிக்கைக்குக் கொண்டுபோய் விடுகிறது. முந்நூறு பிரதி அச்சிட்டு அதில் பாதியை இனாமாகக் கொடுக்கிற நமக்கு அது எத்தனை சௌகரியமான நம்பிக்கை!

நண்பரின் கேள்வியைவிடக் கஷ்டமான கேள்வி ஒன்று இருக்கிறது. திரும்பி வந்தார் என்கிறோமே, எதற்குத் திரும்பினார்? அன்று மாலை பாடியவற்றில் 1954இல் அவருடைய முதல் இசைத்தட்டாக வெளிவந்த பாட்டும் ஒன்று. அது ஆர்தர் க்ரூடப் என்ற கறுப்பினப் பாடகர் எழுதி, நாற்பதுகளிலேயே பாடிப் பதிவு செய்தது. தனக்குச் சேர வேண்டிய ராயல்டிக்காக வருஷக்கணக்கில் போராடி, அது சரிவர வந்து சேராமலே க்ரூடப் 1974இல் இறந்தார். எல்விஸ் இந்தக் கடனை மறைத்தவர் அல்ல, ஐம்பதுகளிலேயே க்ரூடப்பின் பெயரைச் சொல்லியிருக்கிறார். ஆனாலும் சொந்த வீட்டுக்குத் திரும்புகிறான் என்று நாம் கைதட்டுகிற வீட்டில் ஏற்கெனவே இன்னொருவர் குடியிருந்திருக்கிறார்.

நிகழ்ச்சியின் முடிவு இதை இன்னும் சிக்கலாக்குகிறது. அந்த வருஷம் ஏப்ரல் 4ஆம் தேதி மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார், எல்விஸின் ஊரான மெம்ஃபிஸிலேயே. ஒத்திகைகள் நடந்துகொண்டிருந்த ஜூன் மாதத்தில் ராபர்ட் கென்னடி. கடைசியில் பண்டிகைப் பாட்டுப் பாடி வாழ்த்துச் சொல்லி முடிக்க வேண்டும் என்ற ஏற்பாட்டைத் தள்ளிவிட்டு, வால்டர் ஏர்ல் ப்ரவுன் என்பவரைக் கொண்டு பைண்டர் ஒரு புதிய பாட்டு எழுதச் செய்தார். கனவு பற்றிய பாட்டு. யாருடைய கனவு என்று அதில் பெயர் இல்லை. 1968இல் பெயர் சொல்லவும் தேவையில்லை. வெள்ளை உடையில், தன் பெயரே சிவப்பு விளக்கெழுத்தாய்ப் பின்னால் நிற்க, எல்விஸ் அதைத் தொண்டை கிழியப் பாடுகிறார். இங்கே என் தீர்ப்பு ஊசலாடுகிறது. கொலையுண்டவரின் சொற்களை எடுத்து, அவருடைய பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பாடகனின் பெயரை மாட்டியிருக்கிறார்கள் என்று ஒரு நாள் தோன்றுகிறது. பண்ணை விலங்குப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தவன் தன் ஊரில் நடந்த கொலைக்கு முகம் கொடுக்க இதைவிட நேரான வழி அந்த ஸ்டூடியோவில் அவனுக்கு இருந்ததா என்று இன்னொரு நாள் தோன்றுகிறது. குரலில் பொய் இல்லை. ஜோடனையில் இருக்கிறது. இரண்டையும் பிரித்தெடுக்க என்னால் ஆகவில்லை.

அதன் பிறகு நடந்தவை ஊரறிந்தவை. 1969 தொடக்கத்தில் மெம்ஃபிஸில் செய்த பதிவுகள் அவர் செய்த மிகச் சிறந்தவற்றில் சேரும். அந்த வருஷம் ஜூலைக் கடைசியில் லாஸ் வேகாஸில் மேடையேறினார். ஸ்காட்டி மூரும் ஃபான்டனாவும் அதற்குப் பிறகு அவருடன் வாசிக்கவில்லை. லாஸ் வேகாஸில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்ட கச்சேரிகள். அதே வரிசை, அதே கைக்குட்டை வீசுதல். ஒருமுறை நடுங்கிக்கொண்டே பிறந்த ஒன்றுக்கு ஒப்பந்தம் எழுதினால் இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது.

1977 ஜூனில் இன்னொரு டெலிவிஷன் நிகழ்ச்சிக்காக இரண்டு கச்சேரிகளைப் படம் பிடித்தார்கள், ஓமாஹாவிலும் ராபிட் சிட்டியிலும். இரண்டு மாதத்திற்குள், ஆகஸ்ட் 16ஆம் தேதி, அவர் இறந்துவிட்டார். அக்டோபரில் சி.பி.எஸ். அதை ஒளிபரப்பியது. அதையும் பார்த்தேன், ஒரு தடவை. உடம்பு ஊதிப்போயிருக்கிறது. வேர்வை கொட்டுகிறது. பேச்சு குழறுகிறது. ஜனங்கள் ஒவ்வொரு அசைவுக்கும் ஆரவாரம் செய்கிறார்கள். பாட்டு சரியாக வந்தாலும் ஆரவாரம், வராவிட்டாலும் அதே ஆரவாரம். அந்த மனிதர் அன்று எதைச் செய்திருந்தாலும் அங்கே தோற்றிருக்க முடியாது. அவரை நிராகரிக்க அந்த மண்டபத்தில் ஒரு ஆள் இல்லை. 1968இல் பக்கத்து ஹோட்டலிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள், எழுந்து போய்விட முடிந்தவர்கள், அவருக்குச் செய்த உபகாரத்தை 1977இன் பக்தர்கள் செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படியென்றால் என் கடிதம் அந்த ஹோட்டல்காரர்கள் செய்த உபகாரமா? இரண்டு நாள் அப்படி நினைத்துச் சந்தோஷமாக இருந்தேன். பிறகு ஞாபகம் வந்தது. அவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். நான் பதினான்கில் ஐந்தைப் படித்துவிட்டு, மிச்சத்தைப் புரட்டிவிட்டு, அனுப்பியவரின் பத்து வருஷத்தை மனதில் வைத்துக்கொண்டு பதில் எழுதியவன். கவிதைகளுக்கு மேடையே நான் கொடுக்கவில்லை.

அவற்றை மறுபடி எடுத்துப் படித்தேன், முழுவதும், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். நாலைந்து வெறும் கெட்டிக்காரத்தனம்; சினிமாவில் பழகிய கை தெரிகிறது. எட்டாவது கவிதையில் ஓரிடத்தில் வரி தடுக்கி நின்று, பிறகு எப்படியோ சமாளித்துக்கொண்டு மேலே போகிறது. முதல் தடவை அந்த இடத்தைப் பென்சிலால் சுழித்து ஓரத்தில் 'ஓசை கெடுகிறது' என்று எழுதியிருக்கிறேன். அவருக்குப் போன் செய்தேன். அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறார். தாள்களை மேஜைமேல் வைத்திருக்கிறேன், சுழியை அழிக்கவில்லை.